இரண்டு தனிக் கட்டில் கேட்காதீர்கள்: பார்சலோனா போகும் பால்புதுமையர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்சலோனாவில் நானும் என் துணைவனும் செய்த முதல் தவறு, சென்னையிலிருந்தே செய்துகொண்டு போனது. ஓட்டல் முன்பதிவில் ‘இரண்டு தனிக் கட்டில்’ என்று போட்டிருந்தோம். பதினோரு வருடமாக எந்த ஊர் லாட்ஜுக்குப் போனாலும் விரல் தானாக அந்தக் கட்டத்துக்குத்தான் போகும். “ஃப்ரெண்ட்ஸ், சார்” என்ற பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “பெரிய கட்டில் போட்ட அறையும் காலியாக இருக்கிறது, வாடகை ஒன்றுதான், மாற்றித் தரட்டுமா?” என்று கேட்டார். காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சொன்ன அதே குரல். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் “வேண்டாம்” என்றோம். அப்புறம் மூன்று இரவுகள் இரண்டு கட்டிலையும் இழுத்து ஒட்டவைத்து, நடுவில் விழுந்த பள்ளத்தில் முதுகு நோகப் படுத்தோம். நான்காம் நாள்தான் கீழே போய்க் கேட்க வாய் வந்தது.

இந்த ஊரில் நம்மைப் போன்ற பால்புதுமையர், அதாவது தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் மற்றவர்களும், செய்யும் தவறுகளில் பாதி, ஊரை நம்பாமல் செய்பவை. மீதிப் பாதி, ஊரை அளவுக்கு மீறி நம்பிச் செய்பவை. முதல் வகையில் போவது கொஞ்சம் சந்தோஷம்தான். இரண்டாவதில் பர்ஸ் போகும், சில சமயம் அதைவிடப் பெரியதும் போகும்.

நம்பலாம் என்பதற்குச் சட்டமே சாட்சி. ஸ்பெயினில் ஒருபால் திருமணம் 2005 ஜூலையிலிருந்து செல்லும். நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் அடுத்து அதைச் செய்த மூன்றாவது நாடு அது. பார்சலோனா இருக்கும் கத்தலோனியா மாநிலத்தில் 2014-இல் தனியாக ஒரு சட்டம் வந்தது. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ காட்டிக் கடையிலும் ஓட்டலிலும் பாகுபாடு செய்தால் அதன்படி தண்டம் கட்ட வேண்டும். ஆகவே அறை எடுக்கும்போதும், உணவகத்தில் இருவருக்கு மேசை கேட்கும்போதும் தம்பி, கசின், ரூம்மேட் என்று கதை கட்டத் தேவையில்லை. உண்மையில் அந்தக் கதையை அங்கே யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

வழியில் இருக்கும் ஊரை மறப்பது

சென்னையிலிருந்து பார்சலோனாவுக்கு நேரடி விமானம் கிடையாது. பெரும்பாலும் துபாய், தோஹா, அபுதாபி என்று வளைகுடா வழியாகத்தான் போகிறோம். போய்ச் சேரும் ஊரைப் பற்றிப் பத்துக் கட்டுரை படித்தவர்கள்கூட, நடுவில் இறங்கும் நாட்டில் ஒருபால் உறவு சட்டப்படி குற்றம் என்பதை மறந்துவிடுகிறார்கள். விமானம் மாறும் மூன்று மணி நேரத்தில் டேட்டிங் ஆப்பைத் திறந்து ‘பக்கத்தில் யார்?’ என்று தேடுவது, விமானத்தைத் தவறவிட்டு ஊருக்குள் ஓர் இரவு தங்கும்போது ஒரே கட்டில் கேட்பது, இதெல்லாம் பார்சலோனா மனநிலையைச் சீக்கிரமே அணிந்துகொள்வதால் வரும் வினை. ஆப்பை சென்னையிலேயே அழித்துவிட்டு, போய் இறங்கியபின் திரும்பப் போட்டுக்கொள்வது நல்லது. மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

விசா விஷயத்தில் ஒன்றே ஒன்று. நம் நாட்டுச் சட்டத்தில் நாம் தம்பதி அல்ல. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. ஆகையால் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி வங்கிக் கணக்கு விவரம், தலைக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு. ஓட்டல் பதிவில் இருவர் பெயரும் இருக்கட்டும். எங்கள் பதிவில் என் பெயர் மட்டும் இருந்தது. ‘இவர் எங்கே தங்குவார்?’ என்று கேட்டு அவனுடைய காகிதத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரம் போயிற்று. திருநர் நண்பர்களுக்கு இன்னொன்று: டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாலினமும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஸ்பெயினின் 2023 சட்டம் பாலினத்தைத் தானே அறிவித்துப் பதிவை மாற்ற வழி செய்கிறது. அதை வைத்து நம் பாஸ்போர்ட்டுக்கும் சலுகை இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

எட்டு மணிக்குப் போய் உட்காருவது

நகரின் நடுவே கட்டம் கட்டமாகத் தெருக்கள் ஓடும் பகுதிக்கு எஷாம்ப்ளா என்று பெயர். அதில் கொன்செல் தெ சென்ட், காசனோவா, முன்டானெர் தெருக்களைச் சுற்றிய சில கட்டங்களை ஊர்க்காரர்கள் ‘கெய்ஷாம்ப்ளா’ என்கிறார்கள். ‘கே’யையும் எஷாம்ப்ளாவையும் சேர்த்த விளையாட்டுப் பெயர். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு அங்கே போய் நின்றோம். பாரில் எங்களைத் தவிர, கண்ணாடிக் குவளை துடைப்பவர் ஒருவர், அவருடைய நாய் ஒன்று. “இதுக்கா இவ்ளோ பேச்சு?” என்றான் அவன். பத்தரைக்குத் தூங்கப் போய்விட்டோம்.

அங்கே ராத்திரிச் சாப்பாடே ஒன்பது மணிக்கு மேல்தான். பார்கள் நிறைவது பதினொன்றரை, பன்னிரண்டுக்கு. நடன விடுதிக்கு இரண்டு மணிக்கு முன் போனால் ஒலிபெருக்கிக்குத் துணையாக நிற்கலாம். எனவே மதியம் தூங்குங்கள். அந்த ஊரில் அது சோம்பேறித்தனம் இல்லை. திரும்பி வரும் வழியையும் முன்பே யோசியுங்கள். மெட்ரோ ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவோடு சரி, வெள்ளிக்கிழமை இரண்டு மணி வரை, சனி இரவு மட்டும் விடிய விடிய.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கெய்ஷாம்ப்ளா பெரும்பாலும் ஆண்களின் இடம். லெஸ்பியன் தோழி ஒருத்தி முழு வாரத்தையும் அங்கேயே கழித்துவிட்டு, “எனக்கு இந்த ஊர்ல இடமே இல்ல” என்று திரும்பிவிட்டாள். பெண்களும் திருநர்களும் கலந்து கூடும் இடங்களை பொப்லெ செக், சான்ட் அன்டொனி பக்கம் தேட வேண்டும். நிலையான பார்களைவிட, மாதம் ஒருமுறை இடம் மாறி நடக்கும் பார்ட்டிகள்தான் அதிகம். நகராட்சி 2019-இல் திறந்த எல்ஜிபிடிஐ மையம் கொம்தெ பொர்ரெல் தெருவில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் அந்த வாரம் எங்கே என்ன என்று சொல்வார்கள்.

கடற்கரையில் இரண்டு பேரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்குவது

என் கணக்கில், பார்சலோனாவில் ஒரு கே பயணிக்கு வெறுப்பாளரைவிடப் பிக்பாக்கெட்டால் நஷ்டம் வரும் வாய்ப்பு பல மடங்கு. லா ரம்ப்லா சாலை, மெட்ரோப் படிக்கட்டு, கடற்கரை மூன்றும் அவர்களின் தொழிற்பேட்டை.

மார் பெல்லா கடற்கரையில் ஆடையின்றிக் குளிக்க ஒரு பகுதி உண்டு. நம் ஆட்கள் கூடும் இடமும் அதை ஒட்டியதுதான். மணலில் துண்டு, துண்டின் மேல் பை, பைக்குள் போன். “யாரும் இல்லையே, ரெண்டு நிமிஷம்” என்று இருவரும் ஓடி இறங்கினோம். திரும்பினால் துண்டு அப்படியே மடிப்புக் கலையாமல் இருக்கிறது, பை மட்டும் இல்லை. இடுப்பில் ஈரத் துண்டோடு அரை கிலோமீட்டர் நடந்து போலீஸ்காரரைத் தேடினோம். அப்போதுதான் அடுத்த பாடம் கிடைத்தது: கடற்கரையை விட்டு வெளியே வந்து வெற்றுடம்போடு, ஜட்டியோடு தெருவில் நடந்தால் அபராதம். 2011-இல் போட்ட நகராட்சி விதி. அந்தக் காவலர் எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கி, சட்டையைப் போடச் சொல்லி சைகை காட்டினார். சட்டை பையில் இருந்தது என்று எந்த மொழியில் சொல்வது?

புகார் எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் காப்பீட்டுக்காரர் பேசவே மாட்டார். அப்புறம், அந்தக் கடற்கரையில் போனை உயர்த்திப் பிடித்துக் கடலைப் படம் எடுக்காதீர்கள். உங்களுக்குக் கடல், பின்னால் படுத்திருப்பவருக்கு அவர் உடம்பு.

ஆப்பில் பழகியவரை முதல் சந்திப்பிலேயே அறைக்கு அழைப்பது, குடிக்கும் குவளையை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போவது, இவை எந்த ஊரிலும் தவறுதான். சுதந்திரமான ஊரில் கொஞ்சம் கூடுதலாகச் செய்வோம், அவ்வளவே. எச்ஐவி தொற்றாமலிருக்க முன்கூட்டியே போடும் பிரெப் மாத்திரை எடுப்பவர்கள் நாள் கணக்குப் பார்த்து ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். ஆணுறை இல்லாமலோ கிழிந்தோ போனால் தொற்றைத் தடுக்கப் பின்னால் எடுக்கும் பெப் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மறுநாள் பார்க்கலாம் என்று வெட்கப்பட்டு உட்காராமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எஷாம்ப்ளாவிலேயே ‘ஹாஸ்பிட்டல் கிளினிக்’ இருக்கிறது.

கைகோத்து நடப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பகலில் எங்கேயும் நடந்தோம். முதல் நாள் என் உள்ளங்கை வேர்த்தது, இரண்டாம் நாள் மறந்துவிட்டது. ஆனால் பின்னிரவில் ரவால் பகுதியின் ஒடுங்கிய சந்திலும், குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கும்பல் எதிரே வரும்போதும் நான் கையை எடுத்துவிடுவேன். ஊர்க்கார நண்பர்களும் அதைத்தான் செய்கிறார்கள். மேலே சொன்ன மையத்தின் முகப்பையே திறந்த சில நாளில் வந்து தாக்கிச் சேதப்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். ஏதாவது நடந்தால் அவசர எண் 112-ஐ அழையுங்கள். வெறுப்பினால் நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

தேதியைக் குழப்பிக்கொள்வது

‘ஜூன் 28-க்குப் போனால் ப்ரைடு’, அதாவது நம்மவர்களின் பெருமித விழா, என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அன்று நடப்பது இயக்கத்தினரின் உரிமைப் பேரணி. அலங்கார வண்டி, மேடை, பாட்டு என்று நடக்கும் பெரிய விழா வேறு. அண்மைக் காலமாக அது ஜூலையில் வருகிறது. மாட்ரிட் விழா தனி, ஆகஸ்டில் வரும் ‘சர்க்யூட்’ என்ற கே நடன விழா தனி. எதற்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அந்த ஆண்டின் தேதியைப் பார்த்த பிறகே விமானம்.

மலிவாகக் கிடைக்கிறது என்று உரிமம் இல்லாத அடுக்குமாடி வீட்டை எடுப்பதையும் இங்கே சேர்க்கிறேன். சுற்றுலாப் பயணிகளால் வீட்டு வாடகை ஏறிவிட்டது என்று ஊரார் கொதித்துப் போயிருக்கிறார்கள். 2024-இல் உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028-க்குள் மொத்தமாக நிறுத்தப்போவதாக மேயர் அறிவித்திருக்கிறார். நம் காதலை வரவேற்பவர்கள், அதிகாலை மூன்று மணிக்குப் படிக்கட்டில் உருளும் நம் பெட்டியையும் வரவேற்பார்கள் என்று இல்லை.

பக்கத்து ஊரான சிட்ஜஸுக்குப் போகாமல் திரும்புவதும் தவறுதான். தென்மேற்கே ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊர் நடுவே பாசா ரொடோனா கடற்கரை, ராத்திரிக்கு ‘பாவத் தெரு’ என்று செல்லப் பெயர் பெற்ற தெரு, பிப்ரவரி வாக்கில் கார்னிவல். ஆனால் கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்பே போய்விடும், பாவத் தெருவோ அதற்குப் பிறகுதான் கண் விழிக்கும். ஒன்று, அங்கேயே அறை எடுங்கள். இல்லையென்றால் இரவுப் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைப்பது

எனக்கு மிகவும் உறுத்திய தவறு இது, நானே செய்தது என்பதால். ஐரோப்பா என்றால் அப்படித்தான், அவர்கள் பிறவியிலேயே முற்போக்கு என்று ஒரு நினைப்பு. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில், 1954-இல், நாடோடிகளையும் போக்கிரிகளையும் பிடிக்கும் சட்டத்தில் தன்பாலீர்ப்பாளர்களையும் சேர்த்தார்கள். 1970-இல் ‘சமூக ஆபத்து’ச் சட்டம் என்று ஒன்று வந்து, பிடித்து அடைத்துத் ‘திருத்த’ வழி செய்தது. அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள வைத்திருந்த குறிச்சொல், ‘எந்தியெந்தெஸ்?’ ‘புரியுதா?’ என்று அர்த்தம். ‘புரிகிறது’ என்றால் அவர் நம்மவர். இதை ஒரு முதியவர் பாரில் சொன்னபோது, நம் ஊர்ப் பூங்காக்களில் பேச்சுக் கொடுத்து நூல் விட்டுப் பார்க்கும் விதம் எனக்கு நினைவு வந்தது.

1977 ஜூன் 26 அன்று, ஸ்பெயினின் முதல் பேரணி லா ரம்ப்லாவில்தான் போனது. திருநங்கைகள் முன்வரிசையில். போலீஸ் அடித்துக் கலைத்தது. இன்று நாம் செல்ஃபி எடுத்து, பர்ஸையும் தொலைக்கும் அதே சாலை.

சியுதாடெல்லா பூங்காவில் ஒரு பழைய இசை மண்டபம் இருக்கிறது. 1991 அக்டோபர் 6 விடியலில், அங்கே தூங்கிக்கொண்டிருந்த சோனியா ரெஸ்கால்வோ என்ற திருநங்கையை நவநாஜி இளைஞர்கள் உதைத்தே கொன்றார்கள். மண்டபத்துக்கு இப்போது அவருடைய பெயர். அதே பூங்காவில் 2011-இல், ஒடுக்கப்பட்ட நம்மவர்களின் நினைவாக ஓர் இளஞ்சிவப்பு முக்கோணக் கல்லை வைத்தார்கள்.

கடைசி நாள் மதியம் அங்கே போனோம். மண்டபத்தில் யாரோ சின்ன ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தார்கள், நான்கைந்து ஜோடிகள் ஆடிக்கொண்டிருந்தன, ஒரு பாட்டி தனியாகவும். பெயர்ப் பலகையை இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். சைக்கிளில் வந்த இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டு நின்று, போனை என் கையில் கொடுத்தார்கள். பலகை தெரியும்படி எடுத்துக் கொடுத்தேன். “உங்களையும் எடுக்கட்டுமா?” என்று ஒருத்தி கேட்டாள். இந்த முறை “எடுங்கள்” என்றோம்.