சென்னைல உக்காந்து ஆப்பிரிக்கா கிராமத்து குழந்தைங்களுக்கு அறக்கட்டளை ஆரம்பிக்கிறவங்களுக்கு

நம்ம ஆளுங்க யாராவது "ஆப்பிரிக்கால கஷ்டப்படுற குழந்தைங்களுக்கு ஏதாவது பண்ணணும் சார்"னு ஆரம்பிச்சா அடுத்து "ஒரு ஹோம் கட்டிரலாம்"னு தான் வரும். தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. ஹோம்ல இருக்கற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட தான் இருக்காங்க, இல்லாமை தான் அங்க கொண்டு வந்து விடுது, நீங்க பளபளன்னு ஒரு கட்டடம் கட்டி மூணு வேளை சோறு போட்டா சுத்துப்பட்டுல இருந்து இன்னும் நாலு பேர் பிள்ளைய கொண்டாந்து விடுவாங்க. கென்யால 2017லயே புது ஹோமுக்கு பதிவு குடுக்கறத நிறுத்திட்டாங்க. பிள்ளை அதோட வீட்லயே இருக்கட்டும், அந்த வீட்டுக்கும் ஊருக்கும் நாம கை குடுப்போம், இத முடிவு பண்ணிட்டு மேல படிங்க.

மொதல்ல ஒரே ஒரு நாடு, அதுலயும் ஒரு மாவட்டம். "ஆப்பிரிக்கா"ன்னு பொதுவா சொன்னா 54 நாடு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் சட்டம் வேற. நான் மலாவிய வச்சு சொல்றேன். அங்க கிராமத்துல சிபிசிசின்னு (Community-Based Childcare Centre) ஒண்ணு இருக்கும், பள்ளிக்கூடம் போற வயசு வராத குட்டிப்பசங்களுக்கு, ஏறக்குறைய நம்ம அங்கன்வாடி மாதிரி, ஆனா நடத்துறது ஊர்க்காரங்களே, பாத்துக்கறவங்க பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். மக்காச்சோளமும் சோயாவும் சேத்து அரைச்ச மாவுல லிக்குனி பாலான்னு ஒரு கஞ்சி காய்ச்சி குடுப்பாங்க, பல ஊர்ல மாவு வீட்டுக்கு வீடு வாங்கித்தான் சேருது. அங்க மானாவாரி மக்காச்சோளம் அறுவடை ஏப்ரல் வாக்குல தான், அதனால டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வீட்ல குதிர் காலி, வீட்ல இல்லன்னா கஞ்சியும் இல்ல, கஞ்சி இல்லன்னா பிள்ளைங்க வராது, சென்டர் அப்படியே படுத்துரும். அந்த நாலு மாசம் மாவுக்கு மட்டும் நீங்க பொறுப்பெடுத்தாலே பெரிய விஷயம். சத்துணவு சாப்ட்டு வளந்த ஊர்க்காரங்களுக்கு இத நான் விளக்கணுமா என்ன.

இப்ப பணம். பாதி பேர் மாட்றது இங்க தான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல டிரஸ்ட் டீட் பதிவு பண்றது ஒண்ணும் கஷ்டமில்ல, சங்கமா வேணும்னா 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவு சட்டத்துல 7 பேர் வேணும். ஆனா வருமான வரி விலக்கு இந்தியாவுக்குள்ள பண்ற தர்மத்துக்கு தான். 1961 வருமான வரி சட்டத்துல செக்ஷன் 11(1)(சி) படி, வெளிநாட்டுல செலவு பண்ற தொகைக்கு சிபிடிடி (மத்திய நேரடி வரிகள் வாரியம்) தனியா உத்தரவு போட்டாத்தான் விலக்கு, அதனால நன்கொடை குடுக்கறவங்ககிட்ட "80ஜி ரசீது (குடுக்கறவங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கற ரசீது) தரேன்"னு வாய விட்றாதீங்க. 2025 புது வருமான வரி சட்டம் 2026 ஏப்ரல் 1ல இருந்து அமல்ங்கறதால செக்ஷன் நம்பரெல்லாம் வேற, ஆடிட்டர்கிட்ட புது நம்பர கேட்டுக்கோங்க. ஓஎம்ஆர் கம்பெனிங்க சிஎஸ்ஆர் பணம் (கம்பெனிங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்கற பணம்) குடுக்கும்னும் நினைக்காதீங்க, அதுவும் இந்தியாவுக்குள்ள செலவானா தான் கணக்கு. கனடா பாஸ்போர்ட் வாங்கிட்ட சித்தப்பா பையன் உங்க டிரஸ்ட்டுக்கு பத்தாயிரம் போட்டாலும் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசு குடுக்கற அனுமதி) இல்லாம வாங்கினா குத்தம் (இந்திய பாஸ்போர்ட்டே வச்சிருக்கற என்ஆர்ஐன்னா பிரச்சன இல்ல). அந்த பணத்த நேரா மலாவிக்கே அனுப்ப சொல்லிருங்க அவர.

அப்ப என்னதான் வழி? நாலஞ்சு பேர் சேந்து சின்னதா பண்றீங்கன்னா டிரஸ்ட்டே வேணாம்னு தான் நான் சொல்வேன். எல்ஆர்எஸ்ல (தனிநபர் வெளிநாட்டுக்கு பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வச்சிருக்கற திட்டம்) ஒரு தனிநபர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், பேங்க்ல பான் கார்டும் ஏ2 ஃபார்மும் குடுத்து வெளிநாட்டு தர்ம ஸ்தாபனத்துக்கு நன்கொடைன்னு காரணம் போட்டு அனுப்பணும். அவங்கவங்க பணத்த அவங்கவங்க அக்கவுன்ட்ல இருந்தே அனுப்பணும், எல்லார்கிட்டயும் ஜீபேல வசூல் பண்ணி உங்க பேர்ல அனுப்புற வேலை வேணாம். அப்புறம் இந்த வழி தனிநபருக்கு மட்டும் தான், டிரஸ்ட்டுக்கு எல்ஆர்எஸ் கிடையாது.

பணம் போய் சேர்ற இடம் அங்க ஏற்கனவே பதிவாகி ஓடிட்டிருக்கற உள்ளூர் அமைப்பா இருக்கட்டும். பதிவு சான்றிதழ், ஆடிட் ஆன கணக்கு, அமைப்பு பேர்லயே பேங்க் அக்கவுன்ட், இந்த மூணும் இல்லாம பாஸ்டரோட சொந்த அக்கவுன்ட்டுக்கு அனுப்ப சொன்னா எவ்ளோ நல்ல மனுஷனா இருந்தாலும் வேணாம். மாவட்ட சமூக நலத்துறை ஆபீஸ்ல இவங்கள தெரியுமான்னு விசாரிங்க, அவங்க நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி, மத்தியானத்துக்கு மேல கூப்பிட்டா ஆள் இருப்பாங்க. ஊர் தலைவர் சம்மதம் இல்லாம கிராமத்துல எதுவும் நகராது, அத அந்த அமைப்பு பாத்துக்கும், நீங்க முந்திரிக்கொட்டையா போய் நிக்காதீங்க. பட்ஜெட்ட குவாச்சால (மலாவி பணம்) போடாம எத்தன மூட்டை மாவு, எத்தன மாசம்னு போடுங்க, 2023 நவம்பர்ல ஒரே நாள்ல குவாச்சா மதிப்ப குறைச்சதுல டாலர் விலை 44 சதவீதம் ஏறுச்சு, அப்படி நடந்தா பேப்பர்ல போட்ட கணக்கெல்லாம் காலி.

குழந்தை பாதுகாப்பு கொள்கைய மொதல் ரூபா அனுப்பறதுக்கு முன்னாடியே எழுதிருங்க. எந்த பெரியவரும் ஒரு குழந்தையோட தனியா இருக்கக்கூடாது, புகார் வந்தா யார்கிட்ட போகணும், யார் விசாரிப்பாங்க, எல்லாம் அதுல இருக்கணும். போட்டோ விஷயத்துல இங்க தான் தொல்லை ஜாஸ்தி. பொண்ணு பொறந்த நாளுக்கு இல்லத்துல சாப்பாடு போட்டு கேக் வெட்டி பழகின ஊரு இது, "அந்த பசங்கள வீடியோ கால்ல ஹேப்பி பர்த்டே பாட சொல்லுங்களேன்"னு அன்பா தான் கேப்பாங்க, முடியாதுன்னு சொல்லிருங்க. பதிலுக்கு மாவு மூட்டை வாங்கின பில்லும், அந்த மாசம் எத்தன பிள்ளைங்க வந்தாங்கன்னு வருகைப் பதிவேட்டு பக்கத்த பேர மறைச்சும் அனுப்புங்க, குடுக்கறவங்க புரிஞ்சுக்குவாங்க.

நேர்ல போறதா இருந்தா பசி மாசத்துல போய் அவங்களுக்கு விருந்து செலவு வைக்காதீங்க, அறுவடை முடிஞ்சு ஜூன் ஜூலைல போங்க. அடிஸ் அபாபா இல்ல நைரோபி வழியா டிக்கெட் போட்டா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல மஞ்சக்காமாலை ஊசி இல்லைங்க, மஞ்சள் காய்ச்சல் ஊசின்னு தெளிவா கேட்டு போட்டுக்கோங்க, பத்து நாள் கழிச்சு தான் அந்த சர்டிஃபிகேட் செல்லும், அது இல்லாம திரும்பி வந்தா ஆறு நாள் வரைக்கும் தனிமைல வச்சிருவாங்க.