புற்றுநோய்க் கட்டிக்குள் பாக்டீரியா தேடுகிறீர்களா? காலிக் குழாயிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் கையில் நான் முதலில் கொடுப்பது காலிக் குழாய்கள்தான். திசு எதுவும் போடாமல், டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டில் உள்ள திரவங்களை மட்டும் ஊற்றி, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். செய்து, அதன் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் வரை கொண்டுபோகச் சொல்வேன். முடிவு வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லாத குழாயிலிருந்து ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், ஸ்பிங்கோமோனாஸ் என்று பாக்டீரியாக்களின் பட்டியல் நீளும். எல்லாம் தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்பவை. கிட் வழியாக உள்ளே வருபவை. 2014இல் ஒரு ஆய்வுக்குழு சால்மோனெல்லா போங்கோரி என்ற ஒரே பாக்டீரியாவை வளர்த்து, படிப்படியாக நீர்க்கச் செய்து சீக்வென்ஸ் செய்து பார்த்தது. நீர்க்க நீர்க்க சால்மோனெல்லா குறைந்து, கிட்டிலிருந்து வந்த மாசு மேலோங்கியது. புற்றுநோய்க் கட்டியிலும் இதே நிலைமைதான். மனித டி.என்.ஏ. கடலாக இருக்கும், பாக்டீரியா சில துளிகள்தான்.

அதனால் மாதிரி எடுக்கும் இடத்திலேயே வேலை தொடங்குகிறது. பெருங்குடல் கட்டி என்றால், கட்டியிலிருந்து ஒரு துண்டு, அதே நோயாளியின் பாதிக்கப்படாத குடல் சுவரிலிருந்து ஒரு துண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், குடலை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பதை அன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் புதைத்த பழைய பாரஃபின் பிளாக் என்றால், ஒவ்வொரு பிளாக்குக்கும் புது பிளேடு. முதலில் வரும் சில சீவல்களைத் தூக்கிப் போடுங்கள். திசு இல்லாத ஓரத்து மெழுகிலிருந்தும் ஒரு சீவல் தனிக்குழாயில் போகட்டும், அதுவும் ஒரு கன்ட்ரோல், அதாவது மாசு எங்கிருந்து வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி.

எத்தனை கன்ட்ரோல் வைப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரவிட் ஸ்ட்ராஸ்மன் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில் கட்டிகளும் சாதாரணத் திசுக்களுமாக 1,526 மாதிரிகள். அவற்றோடு 800க்கும் மேற்பட்ட கன்ட்ரோல்கள். எங்கள் ஆய்வகத்தில் அவ்வளவுக்குப் பணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பேட்சிலும் டி.என்.ஏ. பிரிப்புக்கான காலிக் குழாய், பி.சி.ஆருக்கான காலிக் குழாய், மெழுகு மூன்றும் இல்லாமல் நான் பிளேட்டை (பல மாதிரிகளை ஒன்றாக வைக்கும் குழித்தட்டை) ஓட்டவிட மாட்டேன். இன்னொன்று: கட்டிகளைத் திங்களும் சாதாரணத் திசுக்களைச் செவ்வாயும் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பிளேட்டில் கலந்து வையுங்கள், கிட்டின் லாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்க்கும் வேறுபாடு நோயினுடையதா, கிழமையினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, எதை சீக்வென்ஸ் செய்வது? பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஜீன் சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா மாறும் பகுதிகள் ஒன்பது. பலரும் பழக்கத்தில் நான்காம் பகுதிக்கான ப்ரைமரை, அதாவது பெருக்க வேண்டிய இடத்தைப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டை, எடுப்பார்கள். மலத்துக்கு அது சரி. திசுவில் அதே ப்ரைமர் மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வையும் பிடித்துப் பெருக்கிவிடும். மைட்டோகாண்ட்ரியாவே பண்டைய பாக்டீரியா வழி வந்ததுதானே! முதல் இரண்டு பகுதிகளைக் குறிவைக்கும் ப்ரைமர்களில் இந்தத் தொல்லை குறைவு.

முழு மரபணுத் தொகுதியையும் (ஜீனோம்) சீக்வென்ஸ் செய்தால் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2020இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை, முப்பதுக்கும் மேற்பட்ட புற்றுநோய்களுக்குத் தனித்தனி நுண்ணுயிர் அடையாளம் இருப்பதாகச் சொன்னது. 2023இல் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதே தரவைத் திரும்பப் பார்த்தபோது, பாக்டீரியா என்று எண்ணப்பட்ட லட்சக்கணக்கான ரீடுகள் (சீக்வென்சிங் படித்துத் தரும் டி.என்.ஏ. துண்டுகள்) மனிதனுடையவை என்று தெரிந்தது. தரவுத்தளத்தில் இருந்த அரைகுறை பாக்டீரியா ஜீனோம்களில் மனித டி.என்.ஏ. கலந்திருந்ததே காரணம். போதாததற்கு, தரவைச் சமன்படுத்திய முறை பூஜ்யங்களைக்கூடப் புற்றுநோய்க்குப் புற்றுநோய் வேறுபடும் எண்களாக மாற்றியிருந்தது. அட்ரீனல் புற்றுநோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக இறால் வைரஸ் வந்து நின்றது! 2024இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே மனித ரீடுகளை நீக்க ஜி.ஆர்.சி.எச்.38 என்ற பழைய மனித ஜீனோம் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். 2022இல் முழுமையாக வெளிவந்த டி2டி ஜீனோமோடும் ஒப்பிட்டு நீக்குங்கள், பழையதில் சுமார் 8 சதவீதம் விடுபட்டிருந்தது. ரீடுகள் எந்த உயிரியினுடையவை என்று சொல்லும் கிராக்கன்2 நிரல் ஒரு பெயரைச் சொன்னால், அந்த ரீடுகள் அந்த பாக்டீரியாவின் ஜீனோம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா, ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குவிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சிலவற்றை பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டு நிரலில் கையால் போட்டுப் பாருங்கள்.

மாசை நீக்க டீகான்டம் நிரல் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. டி.என்.ஏ. அளவை வைத்து மாசைக் கண்டுபிடிக்கும் முறைக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 16எஸ்ஸை கியூ.பி.சி.ஆரில் (அளவைக் காட்டும் பி.சி.ஆர்.) அளந்த எண். மொத்த டி.என்.ஏ.வை அளக்கும் குயூபிட் கருவி காட்டும் எண்ணைக் கொடுத்தால் அது மனித டி.என்.ஏ.வின் அளவாகத்தான் இருக்கும். காலிக் குழாய்களோடு ஒப்பிடும் முறையே கட்டிகளுக்கு ஏற்றது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெயர் நிற்கிறது என்றால், அப்போதுதான் உண்மையான வேலை. பெருங்குடல் புற்றுநோயில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியாவை நான் நம்புவதற்குக் காரணம் சீக்வென்சிங் மட்டுமில்லை. பாஸ்டனிலும் வான்கூவரிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டு, 2012இல் வெளியிட்டன. 2017இல் கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் அதையே பார்த்தார்கள், உயிரோடு வளர்த்தெடுத்தார்கள், எலிக்குள் வைத்த மனிதக் கட்டியிலும் அது நீடித்தது; மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

உங்கள் கண்டுபிடிப்புக்கும் குறைந்தது கியூ.பி.சி.ஆர். ஒன்று, திசுச் சீவலில் ஒளிரும் புரோபால் பாக்டீரியாவை இடத்தோடு காட்டும் ஃபிஷ் சோதனை ஒன்று வேண்டும். அது செல்லுக்குள் இருக்கிறதா, குடலின் சளியில் ஒட்டியிருக்கிறதா என்பதை சீக்வென்சிங் சொல்லாது. இதற்கான சீவல்களை பேத்தாலஜி டாக்டரிடம் முதல் நாளே, டி.என்.ஏ. சீவலுக்குப் பக்கத்திலேயே வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் உடலிலிருந்து எடுத்த துண்டு அது, பிளாக் தீர்ந்துவிட்டால் இரண்டாம் முறை கிடைக்காது.