மனு எழுதும் முன்: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர்ப் பக்கம் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். சர்வே எண் தப்பு, கையெழுத்து இல்லை போன்றவற்றை உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். இங்கே சொல்லப்போவது அப்படிப்பட்டவை இல்லை.

வாய்க்கால் தூர்வார வி.ஏ.ஓ.விடம் போவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ஏ, பி எனப்படும் பெரிய வாய்க்கால் என்றால் நீர்வளத்துறை. வயலுக்குப் பக்கத்தில் ஓடும் சி, டி வாய்க்காலைப் பெரும்பாலும் வேளாண் பொறியியல் துறை தூர்வாரும். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) கேட்கலாம், வாய்க்காலை யாராவது ஆக்கிரமித்திருந்தால் தாசில்தாருக்கு அறிக்கை அனுப்பச் சொல்லலாம். பொக்லைன் அனுப்ப அவரால் முடியாது.

கடைமடையில் ஒரு தம்பி, வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது என்று அவரிடமே நடையாய் நடந்தான். அவரும் "பார்க்கிறேன் தம்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் வருவதற்குள் மேட்டூர் திறந்து தண்ணீரும் வந்துவிட்டது. ஓடுகிற தண்ணீருக்குள் யார் தூர்வாருவார்கள்? நாற்றங்காலுக்கு டீசல் என்ஜின் வைத்து இறைத்தான், செலவு அவன் தலையில்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பைக் கணக்கில் வைத்து, ஏப்ரல், மே மாதங்களில்தான் வேலை நடக்கும். எந்த வாய்க்கால் என்ற பட்டியல் அதற்கு முன்பே முடிவாகிவிடும். ஆகவே சம்பா அறுவடை முடிந்த கையோடு மனு கொடுங்கள். வாய்க்கால் பெயர், எங்கிருந்து எதுவரை அடைப்பு என்பதையும் எழுதுங்கள். "எங்கள் ஊர் வாய்க்கால்" என்று மட்டும் இருந்தால் அந்தக் காகிதம் எங்கேயும் போகாது.

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்புவது

வேண்டவே வேண்டாம்.

கிராம சபையில் கத்திவிட்டு வருவது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தெருவிளக்கு, குடிநீர் பிரச்சினைக்கெல்லாம் இதுதான் இடம். நீங்கள் எவ்வளவு காரமாகப் பேசினாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறாவிட்டால் பேசாத கணக்குதான். எழுதிய பிறகு படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, சலுகை கேட்பது போல் தயங்க வேண்டாம்.

தகவல் உரிமை மனுவில் "ஏன்" கேட்பது

"ஏன் செய்யவில்லை" என்றால் மழுப்பலான பதில்தான் வரும். "இன்ன தேதியில் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல்" என்று கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.