குவாண்டம் மெக்கானிக்ஸ் தாளைப் படிப்பது எப்படி

பி.எஸ்சி. இறுதியாண்டிலோ ஐந்தாண்டு எம்.எஸ்சி.யின் நடுவிலோ குவாண்டம் மெக்கானிக்ஸ் தாள் வருகிறது. சிலர் அதைத் தத்துவம் என்று எண்ணி மிரள்கிறார்கள். சிலர் டெரிவேஷன்களை உருப்போட்டுத் தேர்வைத் தாண்டிவிட்டு, அடுத்த ஆண்டு மேல்தாளில் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் மூன்று கேள்விகளைத் தாளின் தலையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்: இப்போது துகள் எந்த நிலையில் இருக்கிறது? எதை அளக்கப்போகிறோம்? எந்தெந்த விடை, எவ்வளவு நிகழ்தகவோடு வரும்? இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்புவதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

முதலில் அணிக்கணக்கு

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரத்தை லீனியர் அல்ஜீப்ராவுக்குக் கொடுங்கள். 2×2 அணியின் ஐகன் மதிப்பையும் ஐகன் வெக்டரையும் (அணி எந்த வெக்டரை வெறும் ஓர் எண்ணால் மட்டும் பெருக்குகிறதோ அது ஐகன் வெக்டர், அந்த எண் ஐகன் மதிப்பு) பத்து நிமிடத்துக்குள் கையால் எடுக்க வரவேண்டும். எக்ஸ், ஒய், இசட் திசைகளுக்கான 2×2 பாலி அணிகள் மூன்றையும் போட்டுப் பாருங்கள். பாலி ஒய் அணிக்கு ஐகன் மதிப்புகள் +1, −1. வெக்டர்கள் (1, ஐ), (1, −ஐ). இங்கே ஐ என்பது −1-இன் வர்க்கமூலம். இவற்றின் நீளத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பலர் அப்படியே வர்க்கித்துக் கூட்டுவார்கள்: 1 + (−1) = 0. நீளமே இல்லாத வெக்டர்! பெருக்கும்போது முதல் வெக்டரைக் காம்ப்ளெக்ஸ் கான்ஜுகேட் செய்ய (ஐ-யின் குறியை மாற்ற) மறந்ததுதான் காரணம். செய்தால் 1 + 1 = 2 வரும், வெக்டரை √2-ஆல் வகுக்க வேண்டும். இந்த ஒரு மறதி பிறகு அலைச்சார்பு (துகளின் நிலையைச் சொல்லும் சார்பு), பிரா-கெட் (நிலைகளை எழுதும் குறியீடு), மேட்ரிக்ஸ் எலிமென்ட் என்று எல்லா இடத்திலும் தலைகாட்டும். முதல் வாரத்திலேயே பிடித்துவிடுங்கள்.

பெரும்பாலான பாடத்திட்டங்கள் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் தொடங்கி, ஸ்பின்னை (துகளுக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தத்தை) கடைசி யூனிட்டில் வைக்கின்றன. வகுப்பு அந்த வரிசையில் போகட்டும். நீங்கள் ஸ்பின்-½ கணக்குகளை முதல் வாரமே கூடவே போடுங்கள். அங்கே இரண்டே எண்கள்தான். இன்டெக்ரலின் தொல்லை இல்லாமல் கோட்பாடு மட்டும் கண்ணுக்குத் தெரியும். 1922-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் செய்த சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சீரற்ற காந்தப்புலத்தின் வழியே போன வெள்ளி அணுக்கற்றை இரண்டாகப் பிரிந்தது. இசட் திசையில் 'மேல்' வந்த அணுக்களை மட்டும் இன்னொரு இசட் காந்தத்தில் விட்டால் 'கீழ்' ஒன்றுகூட வராது. நடுவில் ஓர் எக்ஸ் காந்தத்தை வைத்து, அதில் ஒரு கற்றையை மட்டும் அடுத்த இசட் காந்தத்துக்கு அனுப்பினால், தொடக்கத்தில் எடுத்த அணுக்களில் கால் பங்கு 'கீழ்' வரும். எக்ஸ் காந்தத்தின் இரண்டு கற்றைகளையும், எது எதில் போனது என்று பார்க்காமல் மறுபடி ஒன்றாக்கிவிட்டால், திரும்பவும் பூஜ்யம். மூன்று விடைகளையும் வெக்டரை எழுதியே வரவழையுங்கள். கடைசி விடையில் நிகழ்தகவுகளைக் கூட்டாமல் அலைவீச்சுகளை (அளவை வர்க்கித்தால் நிகழ்தகவு தரும் எண்களை) கூட்டியிருந்தால், சூப்பர்பொசிஷன் என்றால் என்னவென்று கை புரிந்துகொண்டது என்று அர்த்தம்.

பெட்டிக்குள் துகள்: எண் போட்டுப் பாருங்கள்

சூத்திரத்தோடு நிறுத்தாமல் எண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். எச் (பிளாங்க் மாறிலி) பெருக்கல் சி (ஒளியின் வேகம்) = 1240 எலக்ட்ரான்வோல்ட்-நானோமீட்டர், எலக்ட்ரானின் நிறை-ஆற்றல் 5,11,000 எலக்ட்ரான்வோல்ட். இந்த இரண்டும் மனதில் இருந்தால் போதும், கிலோகிராமும் ஜூலும் தேவையில்லை. 1 நானோமீட்டர் அகலப் பெட்டியில் இருக்கும் எலக்ட்ரானின் அடிநிலை ஆற்றல்: 1240-ஐ வர்க்கித்து, 8 × 5,11,000-ஆல் வகுங்கள். 0.376 எலக்ட்ரான்வோல்ட். இரண்டாம் நிலை அதைப்போல் நான்கு மடங்கு, 1.50.

இப்போது முதல் இரண்டு நிலைகளையும் சமபங்காகச் சேர்த்த ஒரு நிலையை எடுங்கள். சராசரி ஆற்றல் 0.94 வரும். தேர்வில் "ஆற்றலை அளந்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டால் 0.94 என்று எழுதிவிடுவார்கள். அந்த எண் ஒருபோதும் கிடைக்காது, 0.376 அல்லது 1.50, பாதிக்குப் பாதி. அடுத்து, நேரத்தைச் சேருங்கள். இரண்டு நிலைகளுக்கும் தனித்தனி ஃபேஸ் (நேரத்தோடு சுழலும் காம்ப்ளெக்ஸ் காரணி) போட வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஃபேஸைப் போட்டால் எதுவுமே நகராது, அதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. சரியாகப் போட்டால் துகளின் சராசரி இடம் பெட்டியின் 0.32 பங்குக்கும் 0.68 பங்குக்கும் நடுவே ஊசலாடும். ஒரு முழு ஊசலுக்கு ஏறக்குறைய 3.7 ஃபெம்டோசெகண்ட். சேர்க்கும்போது கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டால் ஆற்றல் நிகழ்தகவுகள் மாறாது. ஆனால் தொடக்கத்தில் இடப்பக்கம் இருந்த துகள் வலப்பக்கம் இருக்கும். ரிலேட்டிவ் ஃபேஸ் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

இதே பெட்டியில் இன்னொன்று. இதற்கு ஒரு மாலைப்பொழுதையே கொடுக்கலாம். அலைச்சார்பு ஒரு பரவளையம்: இடத்தையும், மறுசுவருக்கு மீதமுள்ள தூரத்தையும் பெருக்கினால் வருவது. எச்-பாரின் (எச்-ஐ 2π-ஆல் வகுத்தது) வர்க்கத்தை நிறையாலும் அகலத்தின் வர்க்கத்தாலும் வகுத்ததை ஓர் அலகாக வைத்தால், சராசரி ஆற்றல் 5. உண்மையான அடிநிலை 4.93. ஆக இந்தப் பரவளையம் அடிநிலைக்கு மிக நெருக்கம்; ஆற்றலை அளந்தால் அடிநிலை கிடைக்கும் நிகழ்தகவு 0.9986. இதுவரை சுகம். இனி ஆற்றலின் பரவலை (வர்க்கச் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்ததை) கேட்கிறார்கள். ஆற்றல் வர்க்கத்தின் சராசரிக்காக ஹாமில்டோனியனை (ஆற்றலுக்கான ஆபரேட்டரை) இரண்டு தடவை பிரயோகிக்கிறீர்கள். முதல் தடவை பரவளையம் மாறிலி ஆகிறது, இரண்டாம் தடவை மாறிலி பூஜ்யமாகிறது. வர்க்கச் சராசரி 0, சராசரியின் வர்க்கம் 25, பரவல் −25! எதிர்க்குறிப் பரவல் இருக்கவே முடியாது.

எங்கே சறுக்கியது? முதல் பிரயோகத்தில் வந்த மாறிலி, சுவரில் பூஜ்யமாகவில்லை. சுவரில் பூஜ்யமாகும் சார்புகள்மேல்தான் இந்த ஹாமில்டோனியன் ஹெர்மிஷியன் போல (இடப்பக்கச் சார்பின்மேல் ஏவினாலும் வலப்பக்கச் சார்பின்மேல் ஏவினாலும் ஒரே விடை தரும்படி) நடந்துகொள்ளும். மாறிலியின் மீது அதை மறுபடி ஏவ நமக்கு உரிமையில்லை. இரண்டில் ஒன்றை இடப்பக்கத்து அலைச்சார்பின்மேல் ஏவி, மாறிலியை மாறிலியோடு பெருக்கி இன்டெக்ரேட் செய்யுங்கள். 30 வரும், பரவல் 5. நம்பிக்கை வரவில்லையென்றால் பரவளையத்தை ஐகன் நிலைகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஆற்றலின் வர்க்கத்தையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், அதே 30. ஒரே விடையை இரண்டு வழியில் பிடிப்பதுதான் இந்தத் தாளில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் முறை.

வகுப்பும் நோட்டும்

டெரிவேஷனைப் பார்த்துப் பார்த்து எழுதுவது படிப்பு ஆகாது. வகுப்பு முடிந்த அன்று மாலையே நோட்டை மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். நிற்கிற இடத்தில் ஒரு கோடு போட்டு, அந்த ஒரு படியை மட்டும் நோட்டில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒரு கணக்கின் விடைக்குறிப்பைத் திறக்குமுன் குறைந்தது 40 நிமிடம் போராடுங்கள். என்பிடெல் இணையப் பாடத்தளத்தில், ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் குவாண்டம் இயற்பியல் விரிவுரைகள் இருக்கின்றன; அவர் பலகையில் அடுத்த வரியை எழுதுமுன் வீடியோவை நிறுத்தி, அந்த வரியை நீங்கள் எழுதிப் பாருங்கள்.

ஹார்மோனிக் ஆஸிலேட்டரில் ஹெர்மைட் பாலினோமியல் வழியை ஒரு தடவை பார்த்தால் போதும். ஏணி ஆபரேட்டர்களைத்தான் (நிலையை ஒரு படி ஏற்றுபவை, இறக்குபவை) பழக வேண்டும். அடிநிலையில் இடத்தின் நான்காம் படியின் சராசரி கேட்டால், விரித்தெழுதும் 16 உறுப்புகளில் ஏற்றமும் இறக்கமும் சம எண்ணிக்கையில் இருப்பவை 6. அவற்றிலும் வலக்கோடியில் இறக்கும் ஆபரேட்டர் இருந்தால் அடிநிலை பூஜ்யமாகிவிடும். இடக்கோடியில் ஏற்றும் ஆபரேட்டர் இருந்தாலும் அப்படியே. மிஞ்சுவது 2 உறுப்புகள்: ஒன்று 2 தரும், மற்றது 1. கூட்டினால் 3, இன்டெக்ரல் ஒன்றுகூட இல்லை. வரிசையை மாற்றி எழுதினால் விடை மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பெர்ட்டர்பேஷனில் கைவைக்குமுன்

பெர்ட்டர்பேஷன் என்பது சிறு மாற்றத்தால் ஆற்றல் எவ்வளவு நகரும் என்று தோராயமாகக் காணும் முறை. அதன் சூத்திரத்தை எழுதுமுன் டிஜெனரசி (பல நிலைகளுக்கு ஒரே ஆற்றல்) இருக்கிறதா என்று பாருங்கள். மின்புலத்தில் வைத்த ஹைட்ரஜனின் இரண்டாம் ஆற்றல்மட்டத்தில், ஸ்பின்னை விட்டுவிட்டால், ஒரே ஆற்றலில் நான்கு நிலைகள். சாதாரண சூத்திரத்தைப் போட்டால் பகுதியில் பூஜ்யம் வந்து நிற்கும். அந்த நான்கையும் கொண்டு 4×4 அணி எழுதுங்கள். 16 இடங்களையும் இன்டெக்ரேட் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்: புலம் இசட் திசையில் என்றால் எம் எண் (இசட் திசைக் கோண உந்தத்தின் எண்) மாறாது, பாரிட்டி (இடத்தைத் தலைகீழாக்கினால் நிலையின் குறி மாறுமா என்பது) மாறியே தீரும். ஆகவே 2எஸ் நிலைக்கும், எம் பூஜ்யமான 2பி நிலைக்கும் நடுவே உள்ள ஓர் எண்ணும் அதன் கான்ஜுகேட்டும்தான் மிஞ்சும். அந்த 2×2 அணியை முதல் வாரத்தில் பழகியபடியே முடித்தால் ஆற்றல் மாற்றம் ± 3 × எலக்ட்ரான் மின்னூட்டம் × போர் ஆரம் × புலம். மீட்டருக்கு 1 கோடி வோல்ட் புலத்தில்கூட இது 0.0016 எலக்ட்ரான்வோல்ட்தான்; அந்த மட்டத்தின் ஆற்றல் −3.4. மாற்றம் இத்தனை சிறியதாக இருப்பதால்தான் இந்த முறை செல்லும். உங்கள் கணக்கில் மாற்றம் மட்டங்களின் இடைவெளிக்குச் சமமாக வந்தால், விடையை எழுதாமல் மேலே போய் அணியைச் சரிபாருங்கள்.