தைராய்டு ரிப்போர்ட்டைப் படிக்கும் முன் முடி மாத்திரையைக் கேளுங்கள்

போன வாரம் என்னோடு ஓ.பி. பார்க்கும் இளம் மருத்துவர் ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். "டி.எஸ்.எச் 0.1 சார். ஃப்ரீ டி4 ஏறியிருக்கு. கார்பிமசோல் ஆரம்பிச்சிடட்டுமா?" டி.எஸ்.எச் தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன், ஃப்ரீ டி4 தைராய்டு சுரக்கும் ஹார்மோன், கார்பிமசோல் அந்தச் சுரப்பை அடக்கும் மருந்து. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2016-ல் இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, சரி என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டவன் நான்.

டி.எஸ்.எச் கூடினால் தைராய்டு சுரப்பு குறைவு, டி.எஸ்.எச் இறங்கினால் சுரப்பு அதிகம் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதில் குழம்புகிறவர்கள் ஒரு மாதத்தில் தெளிந்துவிடுவார்கள். வருடக்கணக்கில் தெளியாத தவறுகள் வேறு.

முடிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காதது

2016-ல் என்னிடம் வந்த அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கொட்டிய முடியை ஒரு கேரிபேக்கில் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அசதி, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. டி.எஸ்.எச் 0.12, ஃப்ரீ டி4 மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. ஹைப்பர் தைராய்டு, அதாவது சுரப்பு அதிகம் என்றால் நாடி ஓடும், கை நடுங்கும். இவருக்கு நாடி 74. கைகளை நீட்டச் சொல்லி, நடுக்கம் பார்க்க அந்த ரிப்போர்ட்டையே விரல்கள் மேல் வைத்தேன். தாள் அசையவே இல்லை. அசையாத தாளை எடுத்து, அதில் இருந்த எண்ணை நம்பி, கார்பிமசோல் 20 மில்லிகிராம் எழுதினேன்.

வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கத்தான் செய்தேன். இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மாத்திரையே இல்லை, சத்துப்பொருள்.

ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச் 2.3. ஃப்ரீ டி4-உம் நார்மல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ எடை மூன்று கிலோ கூடிவிட்டது, உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறேன் என்றார். குரல் கட்டியிருந்தது, முகம் உப்பியிருந்தது. "ரிப்போர்ட் நார்மலா இருக்கும்மா, கொஞ்சம் நடங்க" என்று அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது இந்த வாக்கியம்தான். நிஜமான ஹைப்பர் தைராய்டில் டி4 இறங்கிய பிறகும் டி.எஸ்.எச் பல வாரம், சிலருக்குச் சில மாதம், அமுங்கியே கிடக்கும். ஆறே வாரத்தில் அது அழகாக 2.3-க்கு வந்ததே சந்தேகப்பட வேண்டிய விஷயம். நான் அதைக் கொண்டாடினேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "முடிக்கு இதையும் சேர்த்தே சாப்பிடலாமா டாக்டர்?" என்றார். பயோட்டின், 10 மில்லிகிராம். முதல் ரிப்போர்ட்டுக்கு முன்பிருந்தே தினம் காலையில் ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல்! அதை நிறுத்தி நாலு நாள் கழித்து ரத்தம் எடுத்தோம். டி.எஸ்.எச் 41. நல்ல தைராய்டுக்கு மருந்து கொடுத்து நானே படுக்க வைத்திருந்தேன்.

பயோட்டின் தைராய்டை ஒன்றும் செய்வதில்லை. ஏமாறுவது மெஷின். பல லேப் மெஷின்களில் டி.எஸ்.எச்-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியின் வாலில் பயோட்டின் ஒட்டியிருக்கும். பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணியில் அந்த வால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததெல்லாம் கழுவிப் போய்விடும், மிச்சத்தைத்தான் மெஷின் எண்ணும். ரத்தத்திலேயே பயோட்டின் வழிந்தால், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அது மணியில் முன்கூட்டியே உட்கார்ந்துவிடும். ஆன்டிபாடி, தான் பிடித்த டி.எஸ்.எச்-ஓடு சேர்ந்து கழுவப்பட்டுவிடும். டி.எஸ்.எச் பொய்யாகக் குறையும். ஃப்ரீ டி3, ஃப்ரீ டி4 டெஸ்ட்டில் கணக்கு தலைகீழ்: எண்ணுவது குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். அதனால் அவை பொய்யாக ஏறும். தைராய்டை அதிகம் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய்க்குப் பார்க்கும் ஆன்டிபாடியும் சில மெஷின்களில் இதே வழியில் ஏறும். நோயே இல்லாமல் ஒரு முழு நோய் தாளில் தயார்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது 2017 நவம்பரில். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் இதே காரணத்தால் பொய்யாகக் குறைந்து, ஒருவர் இறந்ததையும் அதில் சொல்லியிருந்தது. எனக்கு நடந்தது அதற்கு முந்தின வருடம் என்று சாக்கு சொல்லலாம்தான். ஆனால் 74 நாடியைப் பார்க்க எச்சரிக்கை எதற்கு?

பிறகு சில கம்பெனிகள் டெஸ்ட்டுக்கான ரசாயனத்தை (ரீஏஜென்ட்) மாற்றிவிட்டன. எந்த லேப்பில் எது ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது, ஆகவே கேளுங்கள். "மாத்திரை சாப்பிடறீங்களா" என்று கேட்டால் பதில் வராது. "முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு ஏதாவது? ஜெல்லி மிட்டாய் மாதிரி (gummy) ஏதாவது?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் எடுங்கள். சில நோய்களுக்கு மருத்துவரே 100 மில்லிகிராமுக்கு மேல் பயோட்டின் கொடுப்பதுண்டு. அவர்களுக்கு இரண்டு நாள் போதாது, எழுதிக் கொடுத்தவரையும் லேப்பையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த அம்மாவுக்கு கார்பிமசோலை நிறுத்தினோம், தைராய்டு தானாகச் சரியானது. ஹீமோகுளோபின் 8.9, ரத்தசோகை. முடி கொட்டியதற்கும் அசதிக்கும் அதுதான் காரணம். முதல் நாளே கேரிபேக்கோடு வந்து சொன்னாரே, அதிக ரத்தப்போக்கு என்று.

மூன்று வாரத்தில் மறு டெஸ்ட்

தைராக்சின், அதாவது சுரப்பு குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் டி4 மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுங்கள். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், டி.எஸ்.எச் அதற்கும் பின்னால் மெதுவாக நடந்து வரும். மூன்றாம் வாரமே பார்த்து 50 மைக்ரோகிராமை 75 ஆக்கி, 75-ஐ 100 ஆக்கி, பிறகு படபடப்பு என்று வந்தவரை மறுபடி 50-க்கு இறக்கி... ஊஞ்சல்தான்.

டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகப் போடுவது

பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிறவர்கள் இங்கேயும் உண்டு. மாட்டிக்கொள்வார்கள். ஃப்ரீ டி4 நன்றாக இருக்கும், டி.எஸ்.எச் மட்டும் உச்சத்தில் நிற்கும். டி.எஸ்.எச்-க்கு ஒன்றரை மாத ஞாபகம் உண்டு. இதைப் பார்த்துவிட்டு டோஸை ஏற்றாதீர்கள், எத்தனை நாள் விட்டுப்போனது என்று கோபப்படாமல் கேளுங்கள். அப்புறம், ஃப்ரீ டி4 பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரையைப் போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு அது சற்று ஏறித் தெரியும்.

ஐ.சி.யூ.வில் தைராய்டு டெஸ்ட்

தைராய்டு சந்தேகம் வலுவாக இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள்.

கர்ப்பிணிக்குப் பொது ரேஞ்ச்

முதல் மூன்று மாதத்தில், கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி ஹார்மோன் தைராய்டைத் தூண்டும், டி.எஸ்.எச் இயல்பாகவே இறங்கும். தாளில் அச்சடித்த எல்லை அவர்களுக்கானது இல்லை.

டி.பி.ஓ ஆன்டிபாடியை வருடாவருடம் பார்ப்பது

உடம்பே தன் தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டெஸ்ட் இது. ஒரு தடவை போதும். காசு உங்களுடையது.

யூனிட்டைப் பார்க்காதது

வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் அங்கே எடுத்த ரிப்போர்ட்டோடு வந்தார். ஃப்ரீ டி4 15. நம்மூர் லேப் தாளில் எல்லை 0.8 முதல் 1.8 வரை என்று பார்த்து, எட்டு மடங்கு என்று வீடே பதறியிருக்கிறது. அங்கே எழுதியிருந்தது பிகோமோல், நம்மூரில் நானோகிராம். 15-ஐ 12.87-ஆல் வகுத்தால் நம்மூர்க் கணக்கில் 1.17, எல்லைக்குள்தான். அவர் அவசர லீவு போட்டு ஊருக்கு வந்ததே அதற்காகத்தான்.