பழைய பங்குப் பத்திரம்: சேர்ப்பவர்கள் விடும் பிழைகள்

வன்னியில் ஒரு பழைய கடுதாசி தப்பியிருக்கிறது என்றால், அதைப் பொலித்தீன் பையில் சுற்றி இடப்பெயர்வுக்கு இடப்பெயர்வு யாரோ காவி வந்திருக்கிறார்கள். ஆவணத்தின் அருமையை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அக்கறையே பழைய பங்குப் பத்திரங்களுக்கு வினையாகிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து அதையும் கொண்டுபோய் லமினேற் செய்துவிடுகிறார்கள். திருத்தவே முடியாத பிழை இது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு உரித்தால் தாளின் மேற்படையும் மையும் சேர்ந்து கழன்று வரும். புடைப்பாகக் குத்திய கம்பனி முத்திரையும் நசுங்கிவிடும். சேர்ப்பவர்கள் அப்படியான தாளுக்கு விலை சொல்லத் தயங்குவார்கள். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டுவதும் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். மடிப்பை விரித்து, ஒட்டாத பொலியெஸ்ரர் உறையில் தட்டையாக இட்டு, நிலத்தில் படாத றங்குப்பெட்டியில் வைத்தால் போதும். கறையான் பெரும்பாலும் நிலத்திலிருந்துதான் ஏறும்.

பத்திரத்தில் உள்ள கம்பனி என்ன ஆனது என்று தேடத் தொடங்கும்போது எல்லோரும் பெரிய எழுத்தில் உள்ள பெயரையும் சுற்றிலும் உள்ள சித்திர வேலையையும் பார்க்கிறார்கள். கம்பனி எந்த நாட்டில் பதிவானது என்று சொல்லும் சின்ன எழுத்தைப் பார்ப்பதில்லை. வீண் அலைச்சல் பெரும்பாலும் இதனால்தான். இலங்கைத் தேயிலை, றப்பர் கம்பனிகளில் இரண்டு வகை உண்டு. ரூபாக் கம்பனிகள் இலங்கையில் பதிவானவை. அவற்றைக் கொழும்பில் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். ஸ்ரேர்லிங் கம்பனிகளின் தோட்டம் இங்கே இருந்தாலும் பதிவு பிரித்தானியாவில். பங்கின் பெறுமதி பவுணிலோ சிலிங்கிலோ இருந்தால் அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். 1910ஆம் ஆண்டளவில் றப்பர் விலை எகிறியபோது இரண்டு சிலிங் பங்குகளை அள்ளி விற்றார்கள். மலாயன் பென்சனியர், அதாவது மலாயாவில் வேலைசெய்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர், இருந்த வீடுகளில் றப்பர் பங்கு கிடைத்தால் மலாயாக் கம்பனியா என்றும் பாருங்கள். தோட்டம் மலாயாவில் இருந்தாலும் பதிவு லண்டனில் இருக்கலாம். இங்கிலாந்தில் பதிவாகிக் கலைந்தவற்றின் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.ரி. 31 (BT 31) என்ற வரிசையில் இருக்கின்றன. எல்லாம் அல்ல, பிற்காலத்தவற்றில் மாதிரிக்கு எடுத்து வைத்தவை மட்டும். அட்டவணையை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எடின்பரோவில் பதிவானவை அங்கே கிடையாது, அவற்றுக்கு ஸ்கொட்லாந்தின் தேசியப் பதிவகம்.

தோட்டம் போனதோடு கம்பனியும் போய்விட்டது என்று நினைப்பது அடுத்த பிழை. 1975இல் காணிச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுக்கு எடுத்தது. காணி போனது உண்மை, ஆனால் காணியை இழந்ததால் மட்டும் ஒரு கம்பனி சட்டப்படி கலைந்துவிடாது. எப்போது கலைந்தது என்பதை வர்த்தமானி அறிவித்தல்களில் தனியாகத் தேட வேண்டும். பழைய வர்த்தமானிகளுக்குக் கொழும்பு தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. பத்திரத்தில் முகவரும் செயலாளருமாக ஒரு ஏஜென்சி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கம்பனி மறைந்தாலும் அதை நடத்திய நிறுவனத்தின் வழியாகத் தடம் கிடைக்கும். பெர்கியூசன் இலங்கை டிரெக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டங்களையும் கம்பனிகளையும் சேர்த்தே பார்க்கலாம்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள் நிறைய. பாட்டி கொழுந்து பறித்த தோட்டத்தின் பங்குப் பத்திரம் பேரனுக்குக் கிடைத்தால், அதில் துளை விழுந்திருந்தால் என்ன, நுனி கருகியிருந்தால் என்ன? விலைப்பட்டியலைப் பார்த்து அதை ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. துளையும் குறுக்குக் கோடும் பெரும்பாலும் பழுதே அல்ல. பங்கு கைமாறியபோதோ பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டபோதோ ரத்துச் செய்த அடையாளம் அது. அப்படியான தாளை வைத்து எந்த உரிமையும் கோர முடியாது, சேகரிப்புக்கு நல்லது. கையொப்பமும் இலக்கமும் இல்லாதவை வெளியிடப்படாத வெற்றுத் தாள்கள்.

பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று முடிவுகட்டுவதும் கூடாது. 1955இல் தொடங்கிய இலங்கை அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனம்தான் இன்றைய டி.எஃப்.சி.சி. வங்கி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தோடு பதிவிலக்கங்களும் மாறின, அதனால் பழைய இலக்கத்தை மட்டும் வைத்துத் தேடினால் அகப்படாது. மறுபக்கம், பெயர் இன்னும் இருப்பதாலேயே பங்கும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. இலங்கை வங்கி 1939இல் தனியார் பங்குதாரர்களோடு தொடங்கி 1961இல் அரசுடைமையானது. அந்தக் காலப் பத்திரம் கிடைத்தால் சேர்த்து வைக்கலாம், கிளைக்குக் கொண்டுபோனால் பணம் வராது.

இங்கே அடிக்கடி காணும் இன்னொரு குழப்பம் கூட்டுறவுச் சங்கப் பங்கு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் (ப.நோ.கூ. சங்கம்) பங்குப் பணப் பற்றுச்சீட்டைக் கம்பனிப் பங்கு என்று நினைத்துப் பதிவாளரைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டாம். அது கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் விடயம்.

சரி, கம்பனி இன்னும் இயங்குகிறது, பங்கும் ரத்தாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதைச் சேர்ப்பவருக்குச் சில்லறைக் காசுக்குக் கொடுத்துவிடக் கூடாது. இடையில் பங்குகள் பிரிக்கப்பட்டிருக்கலாம், போனஸ் பங்குகள் சேர்ந்திருக்கலாம், பங்கிலாபமும் நிலுவையில் இருக்கலாம். உரியவர் பெயர், பத்திர இலக்கம், பதிவேட்டு இலக்கம் மூன்றையும் போட்டோக்கொப்பியோடு கம்பனிச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், "மீட்டுத் தருகிறேன், முற்பணம் தாருங்கள்" என்பவரிடம் கட்டாயம் கொடுக்காதீர்கள். உரியவர் இறந்திருந்தால் வாரிசுரிமைப் பத்திரங்கள் கேட்பார்கள். பட்டியலிடப்பட்ட கம்பனி என்றால் இன்னொரு படியும் உண்டு. பங்குகளை மின்கணக்கில் வைக்கும் முறை கொழும்பில் 1991இல் வந்தது, தாளாக உள்ள பங்கை முதலில் அந்தக் கணக்குக்கு மாற்றிய பிறகே சந்தையில் விற்கலாம்.