'மெலிவா, பருமனா' என்று தொடங்காதீர்கள்

சோமட்டோஃபோர்ம் கோளாறு என்று முன்பு சொன்னதை 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிக் கையேடு) உடல் அறிகுறிக் கோளாறு என்று மாற்றி, மருத்துவக் காரணம் பிடிபடக் கூடாது என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் நோவு போன்ற உடல் முறைப்பாடும் அதைப் பற்றிய தீராக் கவலையுமாக வருகிற இந்த நோயாளர்களின் உடல் பிம்பத்தை, அதாவது தங்கள் உடம்பை எப்படிப் பார்க்கிறார்கள், உணர்கிறார்கள் என்பதை, அளக்கப் போகிற மாணவர்களுக்குத்தான் இது.

ஒன்பது உருவப் படங்களை நீட்டி 'இதில் நீங்கள் எது' என்று கேட்பதுதான் வழமையான பிழை. நாரி நோவோடு வருஷக்கணக்காக அலைகிறவருக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை, அவருடைய கவலை இந்த உடம்பை இனி நம்பலாமா என்பது. உடலை ஏற்பது, உற்சாகம், தொடுகை, பாலுறவு, தன்னைக் காட்டிக்கொள்வது என்று ஐந்து பக்கமும் கேட்கிற டிரெஸ்டன் வினாக்கொத்து பரவாயில்லை. 35 வசனங்கள்.

ஆனால் அதற்கு முன்னம் வெறும் உடல் கோட்டுப்படமும் கலர் பென்சிலும் கொடுங்கள். நான் பார்த்த ஒரு அம்மா நாரியைக் கடதாசி கிழியுமட்டும் சிவப்பால் அழுத்தித் தீட்டினார், கால் இரண்டையும் தொடவேயில்லை. கேட்டால், "அது என்ர கால் மாதிரியே இல்லை, தம்பி." இதை எந்தக் கட்டத்தில் போடுவது? அப்படியே எழுதி வையுங்கள்.

வினாக்கொத்தின் மொழிபெயர்ப்பில் அவசரம் வேண்டாம். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மூல மொழிக்குத் திருப்பி மாற்ற வேண்டும், அப்புறம் ஐந்தாறு பேரிடம் வாசித்து என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். 'என் உடல் ஆற்றல் மிக்கது' என்பது மேடைப்பேச்சு. 'வேலை செய்ய உடம்பு ஏலுது' என்றால் உடனே பிடிபடும். 'பிடிக்கவில்லை' என்ற வசனத்துக்கு 'ஓம்' என்றால் என்ன கருத்து? வயதானவர்கள் மரியாதைக்கே எல்லாவற்றுக்கும் 'ஓம் தம்பி' என்பார்கள். இலக்கத்துக்குப் பதில் வெறுமையிலிருந்து நிறைய வரை ஐந்து தண்ணீர்க் கிளாஸ் வரைந்து காட்டுங்கள், விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள்.

அதே நாளில் உடல் முறைப்பாடுகள் எவ்வளவு தொந்தரவு தருகின்றன என்று கேட்கிற பிஎச்கியூ-15 வினாக்கொத்தையும் எடுங்கள். 15 முறைப்பாடு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. மாதவிடாய்க் கேள்வி பெண்களுக்கு மட்டும் என்பதால் அவர்களுக்கு உச்சம் 30, ஆண்களுக்கு 28. இரு பாலாரின் மொத்தப் புள்ளியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். மனச்சோர்வையும் தனியே அளக்காவிட்டால் உடல் வெறுப்பு எதிலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது.

பாலுறவுக் கேள்விகள் கடைசிக்கு, அதுவும் கூட வந்த மாமியாரை வெளி வாங்கிலில் இருத்திவிட்டு. பதில் சொல்லாவிட்டால் 'சொல்லவில்லை' என்றே குறியுங்கள், 0 போடாதீர்கள்.